முடிச்சுப் போடாத துணி

மயிலாத்தாவின் பாத்திரத் துணியைப் பிழிந்தால் வேறு ஊர்த் தண்ணீர் வருகிறது என்று தெரிந்த அன்று, எங்கள் காம்பவுண்டில் முதலில் எழுந்த கேள்வி ஒரு குடம் நிறையுமா என்பதுதான். எங்களைக் குறை சொல்ல வேண்டாம். திருப்பூரில் எங்கள் பக்கம் நல்ல தண்ணீர் எப்போது வரும் என்பது அதைத் திறந்துவிடுகிறவருக்கே தெரியாது. மற்ற நாளெல்லாம் வாசல் பொதுக் குழாயில் போர்த் தண்ணீர்தான், உப்புக் கரிக்கும், பிளீச்சிங் வாசம் அடிக்கும், எந்தக் காலத்தில் பூமிக்குள் இறங்கிய சாயமோ, ஒரு நாள் லேசான ரோஸாக வரும், ஒரு நாள் வெளிறிய நீலமாக வரும், ஒரு நாள் அரிசி கழுவிய நிறத்தில் வரும், அதில்தான் குளித்தோம், அதில்தான் துவைத்தோம், விருந்துக்கு ஒறம்பரை வந்தால் கால் கழுவவும் அதைத்தான் காட்டினோம். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு துணியிலிருந்து உப்பில்லாத தண்ணீர் வருகிறது என்றால் யார் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள்? குழாயடியில் வரிசையை நிர்வாகம் செய்யும் சிவகாமியக்கா பக்கெட்டோடு ஓடிவந்தாள். ஒரு குழிக்கரண்டி அளவுதான் வரும் என்று தெரிந்ததும் பக்கெட்டைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, "செரி, நடந்ததச் சொல்லு அம்மிணி" என்றாள்.

மயிலாத்தாவுக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. நூல் சுற்றிய கோனின் அடியில் மிஞ்சிப்போகும் நூலை ஒரு பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவாள். ஆரஞ்சு எந்த நாட்டு ஆர்டருடையது, கிளிப்பச்சை எந்த நாட்டுப் பிள்ளைகள் போட்டுக்கொண்டது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது, எல்லாம் கடைசியில் எங்கள் சட்டிபானை தேய்க்க வந்து சேரும் என்பது மட்டும் தெரியும். இழைகளைச் சேர்த்துப் பிடித்து, குரோஷா ஊசியால் நடுவில் ஒரு சின்ன வளையம் போட்டு, அந்த வளையத்தைச் சுற்றிச் சுற்றிப் பின்னிக்கொண்டே போனால் தோசைக்கல் அகலத்துக்கு ஒரு வட்டத் துணி வந்துவிடும். கடையில் விற்கும் பச்சை நார் கையைக் கிழிக்கும், ஸ்பாஞ்சு இரண்டு நாளில் நாறும், இது நன்றாக நுரைக்கும், பிழிந்து கொடியில் போட்டால் சட்டென்று காயும். அவள் பின்னிய துணி இல்லாத அடுப்படி எங்கள் காம்பவுண்டில் கிடையாது.

பின்னுவது மயிலாத்தா, முடிச்சுப் போடுவது மகள் மேகலா. பால்பல் விழாத வயதில், "நான்தான் முடிப்பேன்" என்று ஒரு நாள் அழுது புரண்டதில் ஆரம்பித்த பழக்கம், பெரிய பெண்ணாகி அதே கம்பெனியில் டெய்லராகச் சேர்ந்த பிறகும் விடவில்லை. கடைசிக் கண்ணி வந்ததும் மயிலாத்தா அதில் ஒரு ஊக்கைக் குத்தி வைத்துவிடுவாள். மேகலா வந்து நூலை வெட்டி, நுனியைக் கண்ணிக்குள் விட்டு இழுத்து, மிச்சத்தைப் பின்னலுக்குள் ஒளித்துவிடுவாள். அந்த முடிச்சு இல்லாவிட்டால் எவ்வளவு நெருக்கிப் பின்னியிருந்தாலும் நுனியைப் பிடித்து இழுத்தால் அத்தனையும் அவிழ்ந்து கையோடு வந்துவிடும்.

மேகலா போனது ஒரு பொங்கல் கழிந்த வாரம். அவள் பக்கத்து மிஷினில் ஓவர்லாக் தைத்த சந்தன் என்ற பையனோடு போனாள். எந்த ஊர்ப் பையன் என்று கம்பெனியில் கேட்டதற்கு, வடக்கே என்றார்கள், வடக்கே என்பது எவ்வளவு பெரிய ஊர் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஊக்கு குத்திய இரண்டு துணிகள் முடிச்சுக்காகக் காத்திருந்தன. அதில் ஒன்றை அவள் எடுத்துப் போயிருந்தாள். வேறெதையும் எடுக்கவில்லை. அவள் அப்பா சென்னியப்பன் அயர்ன் மாஸ்டர், காலரில் ஒரு சுருக்கம் இருந்தாலே சாப்பாடு இறங்காத மனிதர். "இனி இந்த ஊட்டுல அவ பேச்சு எடுக்கக் கூடாது" என்றார். எடுக்கவில்லை. மேகலாவின் தட்டு மட்டும் தினமும் கழுவாமலே சுத்தமாக இருந்தது.

ஒரு மத்தியானம் அந்த மிச்சத் துணியைக் கையில் எடுத்தாள். ஊக்கைக் கழற்றினாள், கண்ணி வாயைத் திறந்துகொண்டு நின்றது. அவளுக்கு முடிச்சுப் போடத் தெரியாமல் இல்லை, போடக் கை வரவில்லை. எங்கே இருக்கிறாளோ, சோறு தின்றாளோ என்று நினைத்தபடி அந்தக் காய்ந்த துணியை, நனையாத துணியை, உள்ளங்கையில் வைத்து முறுக்கினாள். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டியது. கண்ணீர் என்று நினைத்தாள், முகர்ந்து பார்த்தால் மஞ்சள் போட்ட பருப்பு வாசம். துணியைப் பார்த்தால் ஓரத்து ஊதா வரிசையில் ஒரு விரல்கடை பின்னல் அவிழ்ந்திருந்தது, அவிழ்ந்த நூல் தரையிலும் இல்லை, மடியிலும் இல்லை.

"எலி இழுத்துட்டுப் போயிருக்கும்" என்றாள் சிவகாமியக்கா. அதைப் பற்றி அதற்குமேல் யாரும் யோசிக்கவில்லை. எங்களுக்கு வேண்டியது பருப்பு சரியாக வெந்திருக்கிறதா என்பதுதான். முடிச்சுப் போட்டுப் பார்த்தார்கள், துணி காய்ந்த துணியாகவே இருந்தது, பிரித்துவிட்டுப் பிழிந்தார்கள், மறுபடி தண்ணீர் வந்தது. அப்போது முடிவாயிற்று, மேகலா எங்கோ பாத்திரம் கழுவுகிறாள், கழுவிய தண்ணீர் இங்கே வருகிறது, அவ்வளவுதான், இதிலென்ன இருக்கிறது, கேஸ் குழாயில் வருகிற காலம்.

அதற்குப் பிறகு காலையில் குழாயடிக்கு வரும் பெண்கள் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு மயிலாத்தாவின் அடுப்படி வாசலுக்கு வந்துவிடுவார்கள். சென்னியப்பன் ஷிஃப்டுக்குப் போன பிறகு அவள் ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் துணியைப் பிழிவாள், கிண்ணம் கைமாறிக் கைமாறி மூக்குக்கு மூக்கு போகும். கடைசி வீட்டு பிரமிளா ஒடிசாக்காரி, புருஷன் தையல் வேலை, தமிழைப் பாதி முழுங்கிப் பேசுவாள், அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள். "இது கடுகு எண்ணெ அக்கா" என்றாள், "எங்க ஊர்ல இருக்கு, பீகார்ல இருக்கு, பெங்கால்ல இருக்கு." எங்கே என்று சரியாகச் சொல்லு என்று நாங்கள் பிடுங்கியெடுத்தோம். அவள் கிண்ணத்துக்குள்ளேயே மூக்கை வைத்து வெகுநேரம் இருந்தாள். தலையைத் தூக்கியபோது கண் கலங்கியிருந்தது. "தெரியல அக்கா. எங்க அம்மா கை மாதிரி இருக்கு" என்றாள். அன்று முதல் கிண்ணம் கடைசியாக அவளிடம் போகும், அவள் முகர்ந்து முடிக்கும்வரை யாரும் வாங்க மாட்டோம்.

அவரவருக்கும் எங்கோ ஒருவர் இருந்தார். சிவகாமியக்காவின் மகன் மஸ்கட்டில், எதிர் வீட்டுக்காரியின் தம்பி சண்டை போட்டுக்கொண்டு போய் எங்கேயோ. எல்லோரும் குரோஷா ஊசி வாங்கினார்கள், மயிலாத்தாவிடம் கற்றுக்கொண்டு பின்னினார்கள், முடிச்சுப் போடாமல் விட்டு முறுக்கு முறுக்கென்று முறுக்கினார்கள். கை வலித்ததுதான் மிச்சம். நுனியை யாரோ தடுக்கி இழுத்துவிட, சிவகாமியக்காவின் துணி வீட்டிலிருந்து குழாயடிவரை அவிழ்ந்து கிடந்தது. ஆனாலும் ஒரு நன்மை, காம்பவுண்டு முழுக்கப் பாத்திரத் துணி குவிந்துபோய், கரி பிடித்த வடச்சட்டிகூட அந்த வருஷம் பளபளவென்று இருந்தது.

கடுகெண்ணெய் வாசத்தில் மேகலாவின் நாட்கள் எங்களுக்குத் தெரிந்தன. மீன் கழுவிய நாள் தெரிந்தது, மசாலா இல்லாமல் வெறும் உருளைக்கிழங்கில் ஓட்டிய வாரம் தெரிந்தது, ஒரு தடவை கருகிய ரசத்தின் வாசம் வந்து, "வெச்சுப் பாத்திருக்கறா, என்ற பைத்தியக்காரி" என்று மயிலாத்தா கிண்ணத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பிறகு ஒரு மாதம் எண்ணெய் வாசமே இல்லை, தாளிப்பு வாசம் இல்லை, வெறும் கஞ்சித் தண்ணீர், நடுவில் மாங்காய்ப் புளிப்பு. சிவகாமியக்கா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு மயிலாத்தாவின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். "உன்ற புள்ள முழுகாம இருக்கறா அம்மிணி" என்றாள்.

எங்கள் பக்கம் பெண் உண்டாகியிருந்தால் அம்மா வீட்டிலிருந்து கட்டுச்சோறு கொண்டுபோக வேண்டும், புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறு என்று விதவிதமாகக் கிளறிக் கட்டிக்கொண்டு போய்ப் போட்டு, பெண்ணைக் கையோடு கூட்டி வர வேண்டும். எங்கே கொண்டுபோவது? மாதங்களைக் கஞ்சித் தண்ணீரிலிருந்து எண்ணி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காம்பவுண்டுப் பெண்கள் சேர்ந்து கட்டுச்சோறு சமைத்தோம். சென்னியப்பன் சத்தம் போடவில்லை, காலையிலேயே சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டோம், வளையல் போட்டுக்கொண்டோம், சிரித்தோம். மயிலாத்தா மட்டும் சாப்பிடவில்லை. எல்லோரும் எழுந்த பிறகு சோறு கிளறிய அண்டாக்களை வரிசையாக வைத்துக்கொண்டு, அதுவரை ஒரு சொட்டுத் தண்ணீரில்கூட நனைக்காத அந்தத் துணியை எடுத்து, அண்டாவின் அடியில் ஒட்டிய புளியையும் எண்ணெயையும் தயிரையும் துடைத்தாள். துணி எல்லாவற்றையும் குடித்தது. குடித்துவிட்டுக் கையில் காய்ந்துபோய்ச் சுத்தமாகக் கிடந்தது. "போயிச் சேர்ந்துச்சுனா செரி" என்றாள் மயிலாத்தா, அப்புறம் அழுதாள், நாங்களும் அழுதோம்.

அதற்குள் துணி பாதியாகியிருந்தது. ஊதா போய்விட்டது, ஆரஞ்சு போய்விட்டது, கிளிப்பச்சை ஓடிக்கொண்டிருந்தது, உள்ளே சாம்பல், நடுவில் மஞ்சள் வளையம். தீர்ந்துபோனால் மகளும் தீர்ந்துபோவாள் என்று மயிலாத்தாவுக்குப் பயம் வந்துவிட்டது. இன்னொன்று பின்னிப் பார்த்தாள், அது வெறும் துணியாகத்தான் இருந்தது. அதனால் வெள்ளிக்கிழமை மட்டும் பிழிவது என்று வைத்துக்கொண்டாள். மற்ற நாட்களில் துணியை ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு மேல் பலகையில் வைத்துவிட்டு, கீழே நின்று டப்பாவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நாங்களும் காலையில் வந்து டப்பாவைப் பார்த்துவிட்டுப் போவோம். ஆனால் வெள்ளிக்கு வெள்ளி எடுத்துப் பார்த்தால் துணி அவள் விட்டுவைத்த அளவில் இல்லை. கிளிப்பச்சை முடிந்து சாம்பலும் கரைந்துகொண்டிருந்தது. எலியைத் திட்டினாள், டப்பா மூடியை இறுக்கினாள், தன் ஞாபகத்தையே சந்தேகப்பட்டாள்.

ஒரு நாள் கம்பெனியில் கரண்ட் போய், மத்தியானமே வீட்டுக்கு வந்தாள். அடுப்படியில் சென்னியப்பன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். சாப்பாட்டு நேரத்துக்கு வந்தவர் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கவில்லை. துணியை வலது கையில் முறுக்கி, இடது உள்ளங்கையில் ஏந்தி, ஏந்திய தண்ணீரைத் தீர்த்தம் குடிப்பது போல வாயில் விட்டுக்கொண்டிருந்தார்.

மயிலாத்தா அந்த ஆளிடம் கல்யாணமான நாளிலிருந்து குரலை உயர்த்தியதில்லை. "எத்தன நாளா?" என்றாள்.

அவர் திரும்பவில்லை. "மொதல்ல இருந்தே."

"என்ற புள்ளையில பாதிய நீங்க குடிச்சுப் போட்டீங்க."

அது மூன்றாவது வீடுவரை கேட்டது. நாங்கள் குழாயடியில் குடத்தைப் போட்டது போட்டபடி நின்றோம். அப்போதுதான் சென்னியப்பன் திரும்பினார். "உப்பே இல்ல மயிலா. அங்க நல்ல தண்ணி கெடைக்குது அவளுக்கு. அதத் தெரிஞ்சுக்கத்தான் தெனமும் ஒரு வாய்" என்றார். கையிலிருந்த துணியை டப்பாவில் போட அவருக்குத் தோன்றவில்லை, அவளிடமே நீட்டினார். அவள் வாங்கிப் பார்த்தாள். சாம்பல் தீர்ந்து, மஞ்சள் மட்டும் ரூபாய்க் காசு அகலத்துக்கு மிச்சம் இருந்தது. கோபம் தீர்வதற்கு முன்பே இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதன்பிறகு பிழிந்ததெல்லாம் சேர்ந்துதான் பிழிந்தார்கள், அதுவும் மனது அடக்க முடியாமல் போனால்தான். வந்த தண்ணீரில் சமையல் வாசம் நின்றுபோயிருந்தது. சோப்பு வாசம், தேங்காயெண்ணெய் வாசம், புளித்த பால் வாசம், ஒரு தடவை பளிச்சென்று மூத்திர வாசம். சிவகாமியக்கா கிண்ணத்தை முகர்ந்துவிட்டு, "கொளந்தையப் பெத்துட்டா, இதத் தவிர வேற எதுக்கும் இந்த வாசம் வராது" என்றாள், யாரும் முகத்தைச் சுளிக்கவில்லை, ஆளுக்கொரு தடவை ஆசையாக முகர்ந்தோம். ஆணா பெண்ணா என்று மட்டும் தண்ணீரில் தெரியவில்லை. பிரமிளா சர்க்கரை கொண்டுவந்து எல்லோர் வாயிலும் போட்டாள். சென்னியப்பன் சர்க்கரையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மஞ்சளில் நடு வளையம் மட்டும் நின்றது. இன்னும் ஒரு முறுக்கு, அதோடு சரி. மயிலாத்தா ஊக்கை எடுத்துக் கண்ணியில் குத்தி டப்பாவை மூடிவிட்டாள். முடிச்சுப் போட்டால் வளையம் என்றைக்கும் இருக்கும், ஆனால் அது வெறும் நூல். போடாவிட்டால் ஒரே ஒரு வாய்த் தண்ணீர் பாக்கி. எதைச் செய்வது என்று தெரியாமல் பங்குனி போயிற்று, சித்திரை போயிற்று, ஆனி பிறந்து காற்றுக்காலம் வந்து கொடித் துணியெல்லாம் பக்கத்து வீட்டு மாடியில் போய்க் கிடந்தது. அந்த மாதங்களில் அந்த வீட்டில் இரண்டு பேரும் பேசிக்கொண்டதைவிட டப்பாவைப் பார்த்துக்கொண்டதுதான் அதிகம். குழந்தை குப்புற விழுந்திருக்கும், தவழ்ந்திருக்கும் என்று மயிலாத்தா சொல்வாள். பல் வந்திருக்கும் என்று அவர் சொல்வார். பேச்செடுக்கக் கூடாது என்று சொன்னவர் பேரை மட்டும் சொல்லாமல் மற்ற எல்லாவற்றையும் பேசினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தலைக்குக் குளித்துவிட்டு வந்தவர் தானே டப்பாவை இறக்கினார். "எனக்குத் தாங்கல" என்றார். "மேகலா எப்பிடி இருக்கறான்னு ஒருக்காப் பாத்துப் போடலாம். தீந்தாத் தீந்துட்டுப் போவுது."

பேரைச் சொல்லிவிட்டார் என்பது அவருக்கே அப்புறம்தான் உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

நாங்கள் எல்லோரும் வந்தோம். வெள்ளைக் கிண்ணம் வந்தது. மயிலாத்தா ஊக்கைக் கழற்றினாள். வளையத்தை அவள் ஒரு விரலும் அவர் ஒரு விரலுமாகப் பிடித்து முறுக்கினார்கள். சொட்டியது. வளையம் விரலுக்கடியில் நழுவி, இருந்த இடம் தெரியாமல் போனது. கிண்ணத்தில் கிடந்த தண்ணீர் லேசான ரோஸாக இருந்தது.

கிண்ணம் கைமாறியது. சிவகாமியக்கா முகர்ந்தாள், நாக்கில் ஒரு சொட்டு வைத்தாள், முகம் விழுந்துவிட்டது. உப்பு, பிளீச்சிங். "நம்ம போர்த் தண்ணி அம்மிணி" என்றாள் மெதுவாக. "இன்னிக்குக் கொழாயில வர்றதும் ரோஸுதான். தீந்துபோச்சு. துணி சாதாத் துணியாயிருச்சு, நனைச்ச தண்ணியத்தான் குடுத்திருக்குது." எதிர் வீட்டுக்காரி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிரமிளா கிண்ணத்தை வாங்கி முகரவே இல்லை.

மயிலாத்தா வெறும் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் எங்க நனைச்சேன்?" என்றாள். "இத்தன மாசமா டப்பாவுல கெடந்தது அக்கா. தண்ணியே படல. நம்ம தண்ணி எப்பிடி இதுக்குள்ள வரும்?"

வாசலில் குழாய் ஓடிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. நாங்கள் எல்லோரும் இங்கே இருந்தோம். எங்கள் குடங்கள் வரிசையில் காலியாக இருந்தன. யார் குழாயைத் திறந்தது?

சென்னியப்பன்தான் முதலில் எழுந்தார். செருப்புப் போடாமல் ஓடினார்.

குழாயடியில் மேகலா குனிந்து நின்று, இடுப்பில் இருந்த குழந்தையின் கால்களைக் கழுவிக்கொண்டிருந்தாள், வெளியூரிலிருந்து வந்தால் கால் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் வர வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்து வளர்த்திருந்தார்கள். பக்கத்தில் சந்தன் இரண்டு பைகளோடு, அடி விழுமா என்று தெரியாத முகத்தோடு நின்றான். அடி விழவில்லை. சென்னியப்பன் போன வேகத்தில் போய்க் குழாயை மூடினார், என்ன செய்வது என்று தெரியாமல் மறுபடியும் திறந்தார், பிறகு குழந்தையின் ரோஸ் தண்ணீர் சொட்டும் கால்களைத் தன் வெள்ளை வேட்டியில் துடைத்தார். பெண் குழந்தை.

மயிலாத்தா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். மேகலா அவளைப் பார்த்தாள். இளைத்திருந்தாள், கண்ணாடி வளையலுக்குப் பதில் வெள்ளைச் சங்கு வளையல் போட்டிருந்தாள். ஏதேதோ சொல்ல வாயைத் திறந்து, கடைசியில், "அம்மா, கட்டுச்சோத்துல புளிச்சோறு உப்புப் பத்தல" என்றாள்.

"உனக்கெப்பிடி" என்று ஆரம்பித்த சிவகாமியக்கா அதோடு நிறுத்திக்கொண்டாள். குழந்தையைச் சுற்றியிருந்த போர்வையை அப்போதுதான் எல்லோரும் பார்த்தோம். நடுவில் தோசைக்கல் அகலத்துக்கு மேகலா எடுத்துப்போன பாத்திரத் துணி, அதைச் சுற்றி ஊதா, ஊதாவைச் சுற்றி ஆரஞ்சு, அப்புறம் கிளிப்பச்சை, அப்புறம் சாம்பல், குழந்தையின் கால் மூடும் அளவுக்கு விரிந்துகொண்டே போய், வெளி ஓரத்தில் மஞ்சள். இத்தனூண்டு துணியிலிருந்து போன நூல் எப்படி இவ்வளவு பெரிதாயிற்று என்று நாங்கள் கேட்கவில்லை. ஓரம் ரோஸ் தண்ணீரில் நனைந்திருந்தது. மஞ்சளின் கடைசியில் ஒரு கண்ணி வாயைத் திறந்துகொண்டிருந்தது.

மயிலாத்தா இறங்கி வந்து பேத்தியைத் தொடவில்லை, மகளைத் தொடவில்லை, அந்தக் கண்ணியைத்தான் தொட்டாள்.

"ஏன் கண்ணு, இத்தன நாளும் முடிச்சுப் போடாமயா வெச்சிருந்த?" என்றாள்.

"நீ பின்னிட்டே இருந்தியேம்மா" என்றாள் மேகலா. "நான் எங்க நிறுத்தறது?"